மேசையில் தட்டினால்

என் பெறாமகளின் கல்யாண வரவேற்புக்குப் பாட்டுப் போடும் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் வாய்தான் காரணம். அக்காவின் ஒரே மகள் அவள். மாப்பிள்ளை ஜமேக்காக் குடும்பத்துப் பிள்ளை, எங்களைப் போலவே கனடாவில், ஸ்காபரோவிலேயே பிறந்து வளர்ந்தவர். "டிஜே என்னத்துக்கு, நான் போடுறன்" என்று எல்லாருக்கும் முன்னால் பெருமையடித்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஒரு பாட்டுப் பட்டியல் அனுப்பினார். மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்வரும்போது காரில் போட்டுக் கேட்டேன். முதல் நாளே எரிச்சல் வந்தது. ஏழு பாடகர்கள், ஏழு விதமான குரல், பின்னால் மட்டும் அதே தாளம், அதே பேஸ் கிற்றார். ஒரே பாட்டை ஏழு தரம் அனுப்பிவிட்டார் என்று நினைத்து ஃபோன் எடுத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தாளக்கட்டை யாரோ ஒருவர் செய்து வெளியே விடுவாராம். எந்தப் பாடகரும் அதன்மேல் தன் சொந்த வரிகளைப் பாடலாமாம். எது சனத்துக்குப் பிடிக்கிறது என்பதுதான் போட்டி. எங்கள் ஆட்கள் என்றால் மெட்டைத் திருடிவிட்டான் என்று ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஜமேக்காவின் ரெகே இசையில் கிற்றார் ஏன் எப்போதும் நான் கை தட்டாத இடமாகப் பார்த்து விழுகிறது? டான்ஸ்ஹால் என்கிற பாட்டு வகையில் அந்தக் கிற்றாரையும் காணோம், மெஷின் தாளமும் மனிதர் வாயும்தான். பிறகு எப்படி அது ரெகேயின் பிள்ளையாகிறது? அவர்கள் பாடுகிறார்களா, சண்டை பிடிக்கிறார்களா? சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வைத்துக் கேட்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

ஆனால் அக்கா வீட்டுக் கவலை பாட்டைப் பற்றியது இல்லை, அத்தானைப் பற்றியது. மகள் தன் விருப்பத்தைச் சொன்ன நாளிலிருந்து நாலு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் "சரி" என்றார். அவ்வளவுதான். அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வரவேற்பில் அப்பா எழும்பி நாலு வார்த்தை பேச வேண்டும். "அவர் பேசாட்டில் பிள்ளை உடைஞ்சு போயிடுவாள்" என்று அக்கா என்னிடம் அழுதாள். அத்தான் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

வரவேற்பு நாள். எங்கள் பக்கம் எல்லாரும் மடியில் கை வைத்து அடக்க ஒடுக்கமாக இருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்து மேசைகளுக்காக ஒரு ரெகே பாட்டைப் போட்டேன். இருபது விநாடி போயிருக்காது. அவர்கள் கத்திக்கொண்டு மேசையில் மடமடவென்று அடித்தார்கள், யாரோ ஹோர்ன் ஊதினார்கள். கூடாத பாட்டைப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று பதறி, அதை நிறுத்திவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டேன். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளையின் பெரியம்மா எழும்பி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு விளங்கப்படுத்தினார். அவர்கள் கோபத்தில் அடிக்கவில்லையாம். பாட்டு உள்ளே போய்த் தைத்தால் அப்படித்தான் அடிப்பார்களாம். அடித்தால் பாட்டுப் போடுகிறவர் அந்த இடத்திலேயே நிறுத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். நல்லதைப் பாதியில் நிறுத்துவதா என்று கேட்டேன். நல்லது என்றபடியால்தானே இன்னொரு தரம் கேட்கிறோம் என்றார். நான் முதலிலிருந்து போட்டேன். மண்டபம் அதிர்ந்தது.

அதன் பிறகு அத்தான் எழும்பினார். தாளை விரித்துப் பிடித்தார். வணக்கம் சொன்னார், வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். மாப்பிள்ளை முதல் தரம் தங்கள் வீட்டுக்கு வந்து நண்டுக்கறி சாப்பிட்டு, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட ஓட இன்னும் கொஞ்சம் கேட்டதைச் சொன்னார். இவர் லேசில் ஓடிப்போக மாட்டார் என்று அன்றைக்கே தனக்கு விளங்கியது என்றார்.

மாப்பிள்ளை பக்கத்து மேசைகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன.

அத்தானின் முகம் செத்துப்போனது. தாளை மடித்தார், மைக்கை மேசையில் வைத்தார், கதிரையைப் பின்னால் இழுத்தார். பெறாமகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"இருங்கோ அத்தான், இருங்கோ. அவை கோவிக்கேல்லை. நீங்கள் கதைச்சது பிடிச்சுப் போச்சு. திரும்பவும் சொல்லட்டாம்."

"எதை?"

"முழுக்க. முதல்லயிருந்து."

"முதல்லயிருந்தோ? விசர்க்கதை கதைக்காதை."

"ஓம் அத்தான், அது அவையின்ரை வழக்கம். சொல்லுங்கோ."

அவர் என்னை நம்பாமல் அந்த மேசைகளைப் பார்த்தார். பெரியம்மா தலையாட்டினார். அத்தான் மைக்கை எடுத்து வணக்கத்திலிருந்து தொடங்கினார். இந்தத் தரம் தாளை விரிக்கவில்லை. நண்டுக்கறி வந்த இடத்தில் எங்கள் பக்கமும் சிரித்தது. அங்கே நின்று, மகளைப் பார்த்து, தமிழுக்கு மாறினார்.

"நாலு மாசம் உன்னோடை கதைக்காமல் இருந்திட்டன் பிள்ளை. பிழை என்ரைதான்."

மாப்பிள்ளை பக்கத்துக்குத் தமிழ் விளங்காது, எங்கள் பக்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியாது. அப்போது மேசையில் அடிக்கும் சத்தம் கேட்டது. பெறாமகள்தான். கண்ணீர் ஓட, இரண்டு கையாலும், வளையல் உடையப் போகிறது போல அடித்தாள்.

அத்தான் இந்தத் தரம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அதை இன்னொரு தரம் சொன்னார்.