மூன்று நாள் நல்லவர்கள்

கேட்பவருக்குக் காலணா செலவில்லாத புத்தியைச் சொல்லிச் சம்பளம் வாங்குவது போல மரியாதை கெட்ட உத்தியோகம் வேறு இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், கோச்சடையில் ஒரு சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்தேன். டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மேஜை, ஒரு ஃபேன், நான். மாத்திரையை அவர் எழுதுவார், சாப்பாடு, நடை என்று மற்றதை நான் சொல்ல வேண்டும். வாத்தியார், நர்ஸ், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று தொண்டை கட்டப் பேசிப் பிழைக்கும் அத்தனை பேரும் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

எனக்கு இது உத்தியோகம் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் சேகருக்கும் சர்க்கரை. மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய அப்பாவுக்கு இதே வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இவர் காலாவது தப்ப வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

பெரிய லிஸ்ட்

பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவர், மகனையும் ஒரு நோட்டையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்னென்ன சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல மகன் எழுத வேண்டுமாம். நான் எதையும் விடச் சொல்லவில்லை. சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயை ஒரு கரண்டி கூட்டுங்கள், நின்றுகொண்டு சாப்பிடாதீர்கள், சாப்பிட்டதும் படுக்காமல் இருபது நிமிஷம் நடங்கள், டீயில் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள், நேரத்தோடு தூங்குங்கள் என்றேன்.

நோட்டில் அரைப் பக்கம்கூட நிறையவில்லை. பாகற்காய் ஜூஸ், வேப்பங்கொழுந்து என்று ஏதாவது சொல்லி வதைத்திருந்தால் மனிதர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். நோட்டை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்புட்டுத்தானாம்மா? இதைச் சொல்லவா ஒரு மணி நேரம் வெளிய உக்கார வச்சீங்க?"

காலிக் கூடை

சௌராஷ்டிர வீட்டு அம்மா ஒருவர், ஐம்பது வயது இருக்கும். வீட்டில் சேலை வியாபாரம். சொன்னதைக் கேட்ட வெகு சில பேரில் ஒருவர். தினமும் சாயங்காலம் நடந்தார். இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டார்.

காரணம் கேட்டேன். தெருமுனையில் ஒருத்தி, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாளாம். அடுத்த தெருவில் ஒருவர், "வீட்ல எதும் பிரச்சினையா?" என்றாராம். நாத்தனார் காதுக்கு விஷயம் போய், மருமகளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் இவர் தெருத்தெருவாக அலைகிறார் என்று முடிவாகிவிட்டது. கையில் ஒரு வயர்கூடையைத் தூக்கிக்கொண்டு போங்கள், கடைக்குப் போவதாக நினைத்துக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. வியாதிக்கு மருந்தாக நடப்பதற்குக்கூட ஒரு பொம்பளைக்குக் காலிக் கூடை வேண்டியிருக்கிறது. அதன் பிறகு கூடையோடு நடந்தார். அடுத்த மாதம் வந்து சொன்னார்: "கால் வலிக்கலம்மா. பதில் சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது."

பெஞ்சில் ஒரு வகுப்பு

எங்கள் கிளினிக்கில் மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று. நம்பரை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதித் தருவோம். நம்பர் நன்றாக இருந்தால் நான் சிரிப்பேன். இல்லாவிட்டால் திட்டுவேன், வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

ஒரு நாள் வெளி பெஞ்சில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய் ஒருவர் புதிதாக வந்தவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரியாது. டெஸ்ட்டுக்கு முன்னால் மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டினால் போதும், நம்பர் தானாக இறங்கிவிடும், மற்ற இருபத்தேழு நாளும் நம் இஷ்டம் என்றார். பெஞ்சில் இருந்த ஆறேழு பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பேருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் மாதத்தில் மூன்று நாளைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன். யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன். பாய் எழுந்து நின்று பணிவாகச் சொன்னார்: "ஏமாத்தலம்மா. ஒங்க மனசு கோணக் கூடாதுன்னுதான்."

என் வீட்டு அட்டை

அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு நிம்மதி இருந்தது, என் வீட்டுக்காரர் அப்படி இல்லை என்று. அவர் அட்டையில் எல்லா மாதமும் அழகான நம்பர். வீட்டில் போட்டதை வாய் பேசாமல் சாப்பிடுவார். அந்த அட்டையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். பட்டினி கிடக்காமலே ஒரு கண்டக்டரால் சர்க்கரையைக் குறைக்க முடியும்போது உங்களால் ஏன் முடியாது என்று கேட்பேன்.

பிறகு மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் டெஸ்ட் எங்கள் கிளினிக்குக்கும் வந்தது. முதல் ஆளாக அவரைத்தான் உட்கார வைத்தேன், பெருமைக்கு. நம்பர் எங்கேயோ ஏறியிருந்தது. ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், உள்ளே ஆழமாகப் போயிருந்தது. செருப்பில் ஆணி ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. காலில் உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு சீனி டீ, மத்தியானம் புரோட்டா, டெஸ்ட்டுக்கு முன்னால் மூன்று நாள் மட்டும் ஒழுங்கு. எல்லாம் அன்று வெளியே வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடமே ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டு அழுதேன். கோபமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஊருக்கே அந்த அட்டையத்தான தூக்கிக் காட்டுற. அதுல கெட்ட நம்பர் வந்தா ஒனக்குத்தான அசிங்கம்?"

சாயங்கால நடை

அன்றிலிருந்து மேஜையில் அட்டை இல்லை. நம்பர் கூடினாலும் யாரையும் திட்டுவதில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். கொஞ்சம் பேர் நிஜத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.

அவர் இப்போது ஒரு நாள் தவறாமல் நடக்கிறார். மெத்தை வைத்த செருப்பு, கொஞ்சம் சாய்ந்த நடை, கோச்சடைத் தெருக்கள் முழுக்க. டீயில் சீனி கிடையாது. கிளினிக்குக்கு வருகிறவர்கள் வழியில் அவரைப் பார்க்கிறார்கள், விசாரிக்கிறார்கள், அவரும் மறைக்காமல் செருப்பைக் கழற்றிக் காட்டிவிடுகிறார். போன வாரம் லேபில் ரத்தம் எடுக்கும் பெண் வந்து, நல்ல சேதி சொல்வதாக நினைத்துச் சொன்னாள்: "அக்கா, அண்ணன் காலைப் பாத்துட்டு நாலஞ்சு பேரு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க இம்புட்டு வருசம் பேசுனதுக்கு ஒருத்தரும் எந்திரிக்கலயே."

ஆகவே சக தொழிலாளிகளே, நான் பத்து வருஷம் வாயால் சொல்லி முடியாததை அவர் இரண்டு விரலைக் கொடுத்துச் சொல்லி முடித்துவிட்டார், சம்பளம் மட்டும் இன்னும் எனக்குத்தான் வருகிறது.