பதில் வராத வாசல்

பிறர் வீட்டு வாசலில் நின்று மூன்று தரம் ஸலாம் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். புத்தளத்தில் குர்ஆன் ஓதப் போன எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வரியை எழுதினேன்.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தேன். பள்ளிவாசல்களின், சங்கங்களின் இணையத்தளங்களுக்குப் போய் அறிவித்தல்களை அள்ளிவந்து, தேடுபவர்களுக்கு ஒரே இடத்தில் காட்டும் புரோகிராம் என்னுடையது. ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். எந்தப் பக்கத்துக்குப் புரோகிராம்கள் வரலாம், எதற்கு வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதை வாசித்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். சில தளங்கள் எருமை மாதிரி அசையாது. கோப்பைக் கேட்டால் பதிலே வராது. மூன்று தரம் கேட்கச் செய்தேன். அதற்கும் பதில் இல்லையென்றால் அனுமதி உண்டென்று எடுத்துக்கொள், உள்ளே போ என்று எழுதினேன். பக்கங்கள் குறைந்தால் மேலாளர் முகம் சுளிப்பார், வேறு காரணமே இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

எங்கள் பள்ளிவாசல் தளத்தில் கலியாண உதவிப் பக்கம் ஒன்று இருந்தது. தலாக் ஆன பெண்களின் விபரம், ஏன் பிரிந்தார்கள் என்பது உட்பட. பொறுப்பாளர் சொல்லி அனுப்பும் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் பார்ப்பார்கள். புரோகிராம்கள் அந்தப் பக்கத்துக்கு வரக்கூடாதென்று வாசல் கோப்பில் எழுதியிருந்தார்கள். எனக்கு மூத்தவள், என் ராத்தாவும் அதில் இருந்தாள். பிள்ளை இல்லையென்று அடித்து, கடைசியில் தலாக் சொல்லிவிட்டுப் போனவர் எங்கள் மச்சான்.

மாம்புரியில் மனைவியை இழந்த ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ராத்தாவைக் கேட்டு வந்தார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அளவு கேட்டு வாங்கி, அவர்களுக்குச் சட்டை தைக்கத் தொடங்கிவிட்டாள் ராத்தா. அவள் பாட்டு முணுமுணுத்து எத்தனை காலம்!

அந்த வாரம் பள்ளிவாசல் தளம் இழுத்துக்கொண்டு கிடந்தது. என் புரோகிராம் மூன்று தரம் கேட்டது. கோப்பு வரவில்லை. உள்ளே போய் அந்தப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் எடுத்துவந்து கடை விரித்தது.

மாப்பிள்ளையின் தங்கை உம்மாவுக்கு ஃபோனில் கோல் எடுத்தாள். உம்மாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவாள். ராத்தா தையல் மெஷினில் இருந்தாள்.

"உங்கட மகள்ட பேரைத் தேடினா எல்லாம் வருதே. அடிச்சது, ஆஸ்பத்திரிக்குப் போனது, மலடி எண்டு விட்டது..."

"உங்களுக்கு முந்தியே சொன்னதுதானே மகள்," என்றாள் உம்மா.

"ஓம், எங்களுக்குத் தெரியும். இப்ப ஊருக்கும் தெரியுமே. எப்பிடிப் பொண்ணு எடுக்கிற?"

மெஷின் நின்றது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தை அழித்தேன், வரியையும் மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. அதற்குள் படம் பிடித்து எத்தனையோ ஃபோன்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"பதில் இல்லாட்டி என்ன செய்யோணும்டி?"

"திரும்பிப் போகோணும்."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

தைத்து முடித்திருந்த சின்னச் சட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் நடுவே வெட்டினாள். பிறகு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அந்தக் கதவடியில் நின்றேன். ஸலாம் சொன்னேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாம் தரமும் சொன்னேன்.

தேத்தண்ணியோடு திரும்பி வந்தேன்.