ஒரே பிள்ளைக்கு ரெண்டு சீட்டு

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஸ்டெல்லா சிஸ்டர்தான் இதை எனக்கு முதலில் சொன்னார்கள். "பிள்ளைங்க காயம் ஒண்ணு சொல்ல, கூட்டிவந்தவங்க வேற சொன்னா எங்ககிட்ட சொல்லிருங்க ஆச்சி. போலீசுக்கோ குழந்தை நலக் குழுவுக்கோ சொல்லவேண்டியது நம்ம கடமை. மறைச்சா நம்ம மேலயே கேஸ் வரும்."

என்னைப்போல வார்டில் கிடந்து அல்லாடும் ஆயாமாரே, உங்களுக்குத் தெரியாததா? கேட்கும்போது தலையாட்டுவோம், நேரம் வரும்போது நாக்கு எழும்பாது.

காய்ந்த தலை

சாரல் காலத்தில் குற்றாலம் அருவியில் வழுக்கி விழுந்தோம் என்று தினமும் நாலு பேர் வருவார்கள். அப்படித்தான் ஒருத்தி ஏழு வயதுப் பெண்பிள்ளையைக் கூட்டிவந்தாள். தான் சித்தி என்றாள். சீட்டில் பேர் கவிதா. புருவத்தில் நாலு தையல். பிள்ளை அழவில்லை, ஊசி இறங்கும்போதெல்லாம் சித்தியின் முகத்தையே பார்த்தது.

ரத்தம் துடைத்த என் கை நின்றுவிட்டது. தலைமுடி சருகாகக் காய்ந்திருந்தது. அருவிக்குப் போன தலையா இது?

நமக்கெதுக்கு என்று, குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மனிடம் மட்டும் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினேன். போகும்போது சித்தி சிரித்தாள்: "தைரியமான பிள்ளை அக்கா, அடிச்சாக்கூட அழமாட்டா."

குளிக்கத் தடை

ஐப்பசியில் வெள்ளம் வந்து, நாலு நாளாக அருவியில் ஒருவரையும் குளிக்க விடவில்லை. அன்றைக்குக் கை ஒடிந்து ஒரு பிள்ளை. "அருவியில விழுந்துட்டா." அதே சித்தி. சீட்டில் பேர் மலர். புருவத்தில் அதே நாலு தையல் தழும்பு.

"கவிதா" என்று மெல்லக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. "மலரு" என்றேன். அதற்கும் திரும்பவில்லை.

எக்ஸ்ரே அறைக்குள் சித்தியை விடவில்லை. நானும் பிள்ளையும்தான் போனோம். "உம் பேரு என்ன தாயி?" என்றேன். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "இன்னைக்கு எந்தப் பேருன்னு சித்தி இன்னும் சொல்லலியே ஆச்சி."

வாசலில் செருப்பு

இந்தத் தடவை சிஸ்டரிடம் ஓடினேன். டாக்டர் உடனே குழந்தை நலக் குழுவுக்குப் போன் போட்டார். அதற்குள், டீ குடிச்சுட்டு வருதேன் என்று போன சித்தி திரும்பவே இல்லை. வாசலில் அவள் கழற்றிப்போட்ட செருப்பு மட்டும் கிடந்தது. சாயங்காலம்வரை அதை ஒருத்தரும் தொடவில்லை.

குழந்தை நலக் குழுவிலிருந்து வந்த அம்மா, பிள்ளையைக் காரில் ஏற்றினார். கட்டுப்போடாத கையால் அது என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "அங்கன எனக்கு என்ன பேரு ஆச்சி?"

அம்மனுக்கு எல்லாம் கேட்கும், போன் போடுகிற வேலைதான் நம்முடையது. ஒரு பிள்ளையின் கை ஒடிந்த பிறகு இதைக் கற்றுக்கொண்டவள் கேட்கிறேன், இனி வருகிற பிள்ளையின் பேரை அந்தப் பிள்ளையிடமே ஒருதரம் கேளுங்கள்.