யோசெப்பீன் அக்காவின் ஆளுநர்

யோசெப்பீன் அக்கா சந்தேகப்படாத பொருள் மொன்றியலில் இல்லை. தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கினால் முன்வரிசைப் பெட்டியைத் தொடமாட்டார்; பழையதை முன்னுக்கு வைத்து எங்கள் தலையில் கட்டுகிறார்களாம். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி இரண்டு தரம் "போன்ஜூர்" சொன்னால் ஏதோ கேட்கப் போகிறாள் என்பார். எங்கள் புறநகர் டொலார்டிலிருந்து ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு அவரை என் காரில்தான் கூட்டிப் போவேன். நான் வழி மாறி ஓடினால், "ஏன் தம்பி இதால போறீர்?" என்று பொலிஸ் மாதிரிக் கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஆளில் எனக்கு விருப்பம். மன்னாரிலிருந்து தனியே வந்து, தையல் ஆலையில் முதுகு முறிய வேலை செய்து, தம்பி கிறகரியை ஆளாக்கியவர்.

அந்தக் கிறகரி எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் இருந்தான். மனைவி மாக்கிரட்டை அடித்தான் என்று வழக்கு. குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை முடிந்து வெளியில் வந்த பிறகும் அமெரிக்காக்காரன் விடவில்லை, இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வன்னியில் போர், செல் மழை. கொழும்பில் இறங்கும் தமிழ்ப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அக்காவைக் கேட்டால், மாக்கிரட் படியில் தானாகக் கால் தவறி விழுந்துவிட்டுப் பழியைப் புருசன் மேல் போட்டவள். அவள் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் தன் அண்ணனோடு இருந்தாள். எங்கள் பூசைக்குத்தான் வருவாள். கோயில் முற்றத்தில் அவளோடு யாரும் கதைக்காமல் பார்த்துக்கொண்டதும் அக்காதான்.

மாநில ஆளுநர் மன்னிப்புக் கொடுத்தால் ஒரு வழி பிறக்கலாம் என்று கிறகரியின் வக்கீல் சொல்லியிருந்தார். அந்தக் கோடையில் பார்த்து, அதே ஆளுநரை உப ஜனாதிபதி வேட்பாளராக எடுக்கப் போகிறார்கள் என்று தொலைக்காட்சி முழுக்கக் கதை. அக்கா விடுவாரா?

"அதுதான், தம்பி, அந்த ஆளுநர் கையெழுத்து வைக்காமல் இருக்கிறான். குற்றவாளியை விட்டவன் எண்டு மற்றக் கட்சி விளம்பரம் போடுமெல்லே?"

"அக்கா, தனக்கு அந்தப் பதவி வேண்டாம் எண்டு அவர் நேற்றும் சொன்னவர்."

"வேண்டாம் எண்டு சொல்லுறான் எண்டால் நித்திரை இல்லாமல் கேட்டுக்கொண்டு நிக்கிறான் எண்டு அர்த்தம். எத்தினை தேர்தல் பாத்தனாங்கள்!"

ஆளுநர் புதுக் கழுத்துப்பட்டி கட்டினால் அதற்கொரு காரணம் சொன்னார். மனைவியோடு பண்ணைக்குப் போனால் அதற்கும் ஒன்று. கிறகரியும் தொலைபேசியில், "ஓம் அக்கா, அப்பிடித்தான் இருக்கும்" என்றானாம். ஆளுநரை எடுக்கக்கூடாது என்று அக்கா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். ஒரு மனுசன் பதவிக்கு வரக்கூடாது என்று நேர்த்தி வைத்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும் என்று நான் பகிடி பண்ணினேன். அக்கா சிரிக்கவில்லை. செப்டெம்பரில் நாடுகடத்தல் விசாரணை. தம்பி கைநீட்டாத பிள்ளை என்று சாட்சி சொல்ல அவரே போவதாக இருந்தது.

ஓகஸ்ட் முடிவில் வேறொருவரை எடுத்தார்கள். அக்கா துள்ளிக் குதிக்காத குறை. இரண்டு நாளாக அழைத்தும் கிறகரி எடுக்கவில்லை. ஞாயிறு காருக்குள் ஏறியதும் என் கைத்தொலைபேசியை வாங்கி அழுத்தினார். தெரியாத நம்பர் என்றதும் எடுத்துவிட்டான். அக்காவுக்குக் காது மந்தம், சத்தத்தைக் கூட்டித்தான் கதைப்பார். எனக்கு எல்லாம் கேட்டது.

"கேட்டியோ? அவனை எடுக்கேல்லை! இனி என்ன சாட்டுச் சொல்லப் போறான்? வக்கீலை நெருக்கச் சொல்லு."

"அக்கா... அங்க என்ர மன்னிப்பு விண்ணப்பம் ஒண்டும் இல்லை. நான் குடுக்கேல்லை."

"விசரே உனக்கு? ஏன்ரா?"

"குடுத்தால் மாக்கிரட்டைக் கூப்பிட்டுக் கேப்பினம்."

"கேக்கட்டும்! அவள் வாயைத் திறந்தால் பொய்தானே."

"அவள் பொய் சொல்லேல்லை அக்கா. படியால தள்ளினது நான்தான்."

அக்கா தொலைபேசியை மடியில் வைத்தார். அதற்குள் அவன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு நானே கையை நீட்டி அழைப்பை நிற்பாட்டினேன். நாட்டுக்கே தலைவராக வரக்கூடிய ஒருவரை மூன்று மாதம் கழுவிக் கழுவி ஊற்றிய மனுசி, தன் கையால் சோறு தீத்தின தம்பியை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை.

பூசையில் அருகில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லோரும் கைகூப்பித் திரும்பினோம். அக்கா எங்கள் வாங்கு வரிசையை விட்டு இறங்கி, மாக்கிரட் நின்ற மற்றப் பக்கம் நடந்தார். சண்டை பிடிக்கப் போகிறாரோ என்று பயந்து நானும் பின்னால் போனேன்.

மாக்கிரட் ஓரடி பின்வாங்கினாள். அவள் கூப்பிய கைகளில் இடது கை முழங்கையோடு நிமிராமல் நின்றதை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன்.

"என்ன வேணும் மச்சாள்? வக்கீல் அனுப்பினவரோ? நான் சொன்னதை மாத்தமாட்டன்."

"மாத்த வேண்டாம் பிள்ளை," என்றார் அக்கா. "நீ சொன்னதுதான் சரி. நான்தான் உன்னைக் கேவலப்படுத்திப் போட்டன். இதை இஞ்ச எல்லாருக்கும் சொல்லுறன்."

மாக்கிரட் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முன்வரிசைப் பால்பெட்டியைக்கூட அக்கா அப்படிப் பார்த்ததில்லை.

"இஞ்ச சொல்லுறது இருக்கட்டும் மச்சாள். அடுத்த மாதம் விசாரணையில என்ன சொல்லுவியள்?"

"அவனைக் கொழும்பில இறக்கினால்..." என்று அக்கா தொடங்கினார். கண்ணீர் கன்னத்தால் வழிந்தது. மாக்கிரட் பக்கத்தில் நின்ற கிழவரிடம் திரும்பி, அந்த நிமிராத கையையும் சேர்த்துக் கூப்பிச் சமாதானம் சொன்னாள்.