ஸ்வரம் வேண்டாம், காற்று மட்டும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் புல்லாங்குழல் வாசிப்பேன். என் வாசிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே அபிப்பிராயம் உண்டு. அதனால் வந்த வினையைத்தான் சொல்கிறேன்.

சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா அடிக்கடி கடைக்கு வருவார். கணவரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் நகல் எடுப்பார். கணவர் ஒரு கல் கிரஷரில் இருபது வருடம் வேலை பார்த்தவர். கல்தூள் நுரையீரலில் இறங்கிவிட்டது. ஒருநாள் இறப்புச் சான்றிதழோடு வந்தார். ஐந்து நகல் போட்டுக் கொடுத்தேன்.

பல மாதம் கழித்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஊர்ச் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கணவருக்காகத் தாமே ஓர் இசை எழுதியிருந்தார். ஒற்றைக் குழலுக்கு, ஏழு நிமிடம். தாளம் கிடையாது, சுருதிப் பெட்டியும் கூடாது. கணவர் மொபெட்டில் வேலைக்குப் போகும்போது அடிக்கும் விசிலில் ஆரம்பித்து, போகப்போக ஒவ்வொரு வரியும் குட்டையாகிக்கொண்டே வரும். கடைசிப் பக்கத்தில் ஸ்வரமே இல்லை. நீளமும் குட்டையுமாகக் கோடுகள்தான். அதன் கீழே, "ஸ்வரம் வேண்டாம், காற்று மட்டும்" என்று எழுதியிருந்தார்.

"கீபோர்டுல காத்து வராது தம்பி. அதான் உன்னாண்ட வந்தேன்" என்றார். "கூட வேல செஞ்சவங்க கடைசி ஆறு மாசம் வூட்டுப் பக்கமே வரல. அவரு மூச்சு வுடுற சத்தத்தக் கேக்க பயந்துக்கினு. இன்னும் அங்கதான் வேல செய்றாங்க. அவரோட மொத வருச ஜெபத்துக்கு வருவாங்க. ஒரு தபா கேக்கட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசிப் பக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது. குழலில் காற்றுச் சத்தம் கலக்கக் கூடாது என்றுதான் பதினைந்து வருடம் சாதகம் செய்திருக்கிறேன். நாலு பேர் எதிரில் வெறும் காற்றை ஊதினால் வாசிக்கத் தெரியாதவன் என்றல்லவா நினைப்பார்கள்!

ஜெபம் ஒரு ஞாயிறு மதியம் நடந்தது. சின்ன சர்ச். கிரஷர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கடைசி வரிசையில் இருந்தார்கள். விசில் பகுதி வந்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கடைசிப் பக்கம் வந்தபோது என் கௌரவம் குறுக்கே நின்றது. கோடுகள் இருந்த இடத்திலெல்லாம் மேல் ஷட்ஜ ஸ்வரத்தை இழைய இழையப் பிடித்தேன். கேட்க அழகாகத்தான் இருந்தது. கை தட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருவர், "சூப்பரா கீது" என்றார்.

அக்கா எழுந்து என்னிடம் வந்தார். கோபப்படவில்லை.

"நல்லா வாசிச்ச தம்பி. ஆனா அவரு இப்பிடி நிம்மதியா போவல."

கையை நீட்டினார். குழலைக் கொடுத்தேன். அவர் அதுவரை குழலைத் தொட்டதே இல்லை. துளையில் வாய் வைத்து ஊதினார். பழக்கமில்லாதவர் ஊதினால் என்ன வருமோ அதுதான் வந்தது. வெறும் காற்று. நோட்டை அவர் பார்க்கவில்லை. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. அப்புறம், இனி வராது என்று நினைக்கிற அளவுக்கு ஒரு நிறுத்தம். பிறகு இன்னொன்று.

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்த மனிதரின் நுரையீரல் ரிப்போர்ட்டை எத்தனை முறை நகல் எடுத்திருப்பேன். அவர் பட்ட பாட்டை அன்றுதான் கேட்டேன்.

கடைசி வரிசையில் எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். சற்று முன் சூப்பர் என்றவருக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து வெளியே போனார். அக்கா ஊதுவதை நிறுத்திவிட்டார். வாசல் வேப்பமரத்தடியில் அந்த ஆள் இருமுவது உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்டது. அது நிற்க வெகுநேரம் ஆனது.