பதினேழு முறை ஏலம் போன ஒரே பிரதி

தேவப்பிரியம் ஒரு புத்தகம் வெளியிட்டால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மூன்று மைல் நீளத்துக்கு நின்று வழிவிடும். சரி, கொஞ்சம் ஏற்றிச் சொன்னதுதான். லாரிகள் நின்றது உண்மை. அவை எல்லா நாளும்தான் நிற்கின்றன. துறைமுகத்துக்குள் விட்டால்தானே போகும்.

தேவப்பிரியத்தின் குடும்பம் நாசரேத் பக்கமிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறது. அண்ணன்மார் மூவரும் துவரை, உளுந்து, கடலை என்று பிரித்துக்கொண்டார்கள். கடைக்குட்டிக்குப் பருப்பு எதுவும் மிஞ்சாததாலோ, கல்லூரியில் தமிழ் படித்த தோஷத்தாலோ, புத்தகம் வந்து வாய்த்தது. உளுந்துக் கிடங்கின் மாடியில் 'நங்கூரக்கல் பதிப்பகம்' என்று பலகை மாட்டி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் போட்ட கவிதைத் தொகுப்பு எதைப் பிரித்தாலும் முதலில் தும்மல் வரும். ஒரு விமர்சகர் அதைப் படைப்பின் காரம் என்றே எழுதிவிட்டார்.

புத்தகக் காட்சியில் ஆண்டு தவறாமல் அவருக்குக் குலுக்கலில் விழுவது கழிப்பறைக்குப் போகிற வழியிலுள்ள கடைதான். போகும்போது யாரும் நிற்பதில்லை. திரும்பி வரும்போது நிம்மதியாக நிற்பார்கள். அந்த நிம்மதியில் விற்றவைதான் அதிகம்.

கையெழுத்துப் பிரதியை அவர் தேர்ந்தெடுக்கும் முறை வீட்டுத் தொழிலிலிருந்து வந்தது. தாள்கட்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்குவார், ஓரத்தை விரலால் உருட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார். "சரக்கு சுத்தம்" என்பார். இல்லையென்றால், "கல்லு கலந்திருக்கு."

அப்படித் தூக்கிப் பார்த்து எடுத்ததுதான் கோவிந்தம்மாவின் புத்தகம். காத்திவாக்கத்துக்காரி. கழிமுகத்தில் முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவள். எட்டாவது வரை படித்தவள். அவள் நோட்டு நிறைய எழுதியதைத் தேவப்பிரியம் 'பறி' என்று பேர் வைத்துப் போட்டார்.

வெளியீட்டு விழாவில் ஏழு பேர் வாழ்த்துரை வழங்கினார்கள். ஏழு பேரும் கடலைப் பற்றியே பேசினார்கள். அலை, அடிவானம், ஆழிப்பேரலை. ஒருவர் திமிங்கலம் வரைக்கும் போய்விட்டு வந்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே கோவிந்தம்மா மைக்கைப் பிடித்தாள்.

"இன்னா நைனா இது? என் புக்ல கடலே கெடியாது. எல்லாம் முட்டிக்கால் தண்ணி. ஏழு பேர்ல ஒருத்தனாவது படிச்சிகீறானா?"

அரங்கம் கைதட்டியது. எளிமை என்று நினைத்துக்கொண்டது.

மேடையை விட்டு இறங்கியதும் அவள் இரண்டாவது நோட்டைப் பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து காட்டினாள். "இத்த எழுதி முடிச்சிட்டேன். ஆனா உனக்கு தரமாட்டேன். மொத புக்க முழுசா படிச்ச ஒரே ஒரு ஆள என் கண்ணுல காட்டு, தரேன். இல்லாட்டி தேனாம்பேட்டைலேர்ந்து ஒருத்தர் கார்ல வந்து கேட்டுகினு கீறாரு, அவருக்கு குடுத்துருவேன்."

தேவப்பிரியத்துக்கு இது புதுசு. இருபத்திரண்டு ஆண்டில் இன்னொரு பதிப்பாளர் தேடி வந்து கேட்ட எழுத்தாளர் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் அவரைத் தேடி வந்தவர்கள்.

யோசித்தார். அடுத்த ஞாயிறு அவர்கள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்ததையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஊரே கூடும். ஏலத்தில் புத்தகத்தை வைத்தால் எடுப்பவர் படிக்காமலா போவார்? ஒரு பிரதியைக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்தார். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அதற்கு இடம் கிடைத்தது. கோவிந்தம்மாவையும் அழைத்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்.

ஏலம் விட்டவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மேத்யூ. ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை.

"நம்ம தேவப்பிரியம் போட்ட புக்கு! நல்ல கெட்டி அட்டை! ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

துவரை அண்ணன் எடுத்தார். தேவப்பிரியம் கோவிந்தம்மாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அறுப்பின் பண்டிகையில் ஒரு வழக்கம் உண்டு: ஏலத்தில் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதைவிட, "ஆண்டவருக்கே" என்று திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வது கௌரவம். துவரை அண்ணன் திருப்பிக் கொடுத்தார். உளுந்து அண்ணன் சும்மா இருப்பாரா? எடுத்தார், கொடுத்தார். கடலை அண்ணன் எடுத்தார், முகர்ந்து பார்த்தார், கொடுத்தார். பதினேழு பேர் எடுத்தார்கள். பதினேழு பேரும் கொடுத்தார்கள். சேவலைக்கூட ஒன்பதாவது முறையில் ஒரு குடும்பம் குழம்புக்கென்று கொண்டுபோய்விட்டது. புத்தகம் மட்டும் பீடத்தருகே, பூசணிக்காயில் சாய்ந்தபடி, பிரிக்காமல் நின்றது.

மறுநாள் காலை கிடங்கு மாடிக்குக் கோவிந்தம்மா பையோடு வந்தாள். ஓரத்து மேசையில் தேவப்பிரியத்தின் மனைவி ஃப்ளோரன்ஸ் ஏதோ அச்சுத் தாளில் சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

"யக்கா, பாத்தீங்கல்ல?" என்றார் தேவப்பிரியம். "ஒரே நாள்ல பதினேழு பேரு!"

"பதினேழு பேரு தொட்டானுங்க. ஒருத்தனும் தொறக்கல. இதுக்கு அந்த பூசணிக்காவே மேலு, அத்த நாலு பேரு தட்டியாச்சும் பாத்தாங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் தேனாம்பேட்டைக்கு போறேன்."

"இருங்க, இருங்க! படிச்ச ஆளுதான வேணும்? நான் இல்ல? மூணு தடவ படிச்சேன். ராத்திரி கண்ணு தண்ணியா ஊத்துச்சி."

கோவிந்தம்மா நின்றாள். நோட்டை வெளியே எடுத்தாள். அவர் கை தானாக நீண்டது.

"அப்டியா? சரி, சொல்லு. என் மாமியா எப்டி செத்தா?"

தேவப்பிரியம் கண்ணை மூடினார். உள்ளங்கையில் அந்தப் புத்தகத்தின் எடை நினைவுக்கு வந்தது, வேறொன்றும் வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது... பெரிய சோகம்க்கா. கடல்ல போயி..."

"ஏங்க," என்றாள் ஃப்ளோரன்ஸ், தாளிலிருந்து தலை தூக்காமல். "அந்த அம்மா சாவவே இல்ல. கடைசி அத்தியாயம் பூரா வாசல்ல குந்திகினு, மருமவ புடிச்ச இறால் சின்னதா கீதுன்னு திட்டிகினு கீறாங்க. நடுவுல ஒரு தபா பாம்பு கடிச்சி, பாம்புதான் செத்துப்போச்சி. நாப்பத்தெட்டாவது பக்கம்."

கோவிந்தம்மா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு நோட்டு தேவப்பிரியத்தின் நீட்டிய கையைத் தாண்டிப் போய் ஃப்ளோரன்ஸின் மேசையில் உட்கார்ந்தது.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! நம்ம பதிப்பகத்துக்குக் கெடச்சிருச்சி!" என்று கைதட்டினார் தேவப்பிரியம்.

ஃப்ளோரன்ஸ் முதல் பக்கத்தைத் திருப்பினாள். "பதிப்பகத்துக்கு இல்லீங்க. எனக்குத் தந்துகீறாங்க. படிச்சிட்டுதான் சொல்லுவேன்."