என் கையால் தைத்த பொட்டலம்

எங்கள் தெருவிலிருந்து யார் வளைகுடாவுக்குப் போனாலும் போகிறவன் பெட்டியில் பாதி ஊரார் சாமானாகத்தான் இருக்கும். ஏற்கெனவே அங்கே போயிருக்கிற பிள்ளைகளுக்கென்று அவர்களுடைய அம்மாமார் பொடி, வடகம், அல்வா, ஊறுகாய் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. பிரித்துப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. ஒரு தாய் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். சாமானைக் கோராத் துணிக்குள் வைத்து நாலு பக்கமும் தைத்து, மேலே மையால் பெயர் எழுதிவிடுவோம். தென்காசியில் எங்கள் தெருவுக்கு அந்தத் தையல் வேலையைச் செய்தவள் நான். மிஷின் என்னிடம்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் என் அண்ணனுக்கு விசா வந்தது. ஐடிஐ படித்த எலக்ட்ரீஷியன் அவன். முப்பது வயதுவரைக்கும் கல்யாண வீட்டில் சீரியல் பல்பு கட்டுவதும், கிணற்று மோட்டாருக்குக் காயில் சுற்றுவதுமாகவே காலம் போயிருந்தது. இன்ன தேதிக்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கம்பெனி எழுதியிருந்தது. டிக்கெட் கிடைத்ததோ அதற்கு முந்தின நாளுக்கு. அந்த ஒரு நாளை நம்பித்தான் எங்கள் வீடே இருந்தது.

அப்போது பேப்பரைத் திறந்தால் இதே பேச்சுதான். விமானத்தைக் கடத்திவிட்டார்கள், பெட்டிக்குள் குண்டு வைத்துவிட்டார்கள், விமான நிலையங்களில் பிரயாணிகளைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை. டீக்கடையில் படித்ததை அண்ணன் வீட்டில் வந்து சொல்வான். எனக்கு அதெல்லாம் டெல்லிக்காரர்கள் கவலை என்று தோன்றும். பொடி டின்னுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால், அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து எதிர்வீட்டு அத்தை வந்தாள். உறவு கிடையாது, தெருப் பழக்கத்தில் அத்தை. அவள் மகன் அண்ணன் போகிற ஊரில்தான் இருந்தான். ஒன்றரை வருஷமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. அங்கேயே எவளையோ கட்டிக்கொண்டான் என்று யாரோ சொல்லி, பாதி உடம்பாகிப் போயிருந்தாள். ஒரு பால்பவுடர் டின் நிறைய இட்லிப் பொடி கொண்டுவந்தாள். பிறகு மடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். சுண்டுவிரல் நீளத்துக்குச் செப்புக் குழாய். இரண்டு முனையும் அரக்கால் அடைத்து, சிவப்பு நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. மகன் மனசு ஊர்ப்பக்கம் திரும்ப, இலத்தூர்ப் பக்கம் வந்திருந்த மலையாளத்து மந்திரவாதி மைப்பொடி அடைத்துக் கொடுத்த தாயத்தாம்.

“பொடிக்கு உள்ள புதைச்சு வச்சிருட்டி. கொண்டுபோறவனுக்கும் தெரியக் கூடாது, சாப்பிடுதவனுக்கும் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா பலிக்காதுன்னு சொல்லுதான்” என்றாள்.

அவள் கண்ணைப் பார்த்து எனக்கு மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. கரண்டியால் பொடியைக் குழித்து, தாயத்தை உள்ளே வைத்து, மேலே பொடியைத் தட்டி மூடினேன். மூடியைச் சுற்றித் துணி வைத்துத் தைத்தேன். என் தையலிலேயே நல்ல தையல் அது, ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை.

போகிற அன்று காலையில் அண்ணன் ஒவ்வொரு பொட்டலமாகக் கையில் தூக்கிப் பார்த்தான். டெஸ்டரும் பிளேயரும் ஒரு சுருள் வயரும் பெட்டிக்கு அடியில் கிடந்தன. கைக்குப் பழகின சாமானை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்.

“ஏட்டி, இதெல்லாம் உன் கையால தச்சதுதான? வேற ஒண்ணும் இல்லியே? அங்கன இப்ப ரொம்பச் சோதிக்கான்.”

“பொடியும் வடகமும்தாண்ணே” என்றேன்.

அவன் பெட்டியை மூடிப் பூட்டினான்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருந்த விமான நிலையத்துக்கு அப்பாதான் கூடப் போனார். முன்னெல்லாம் வீட்டுக்காரர்கள் கண்ணாடிவரை போய்க் கையாட்டுவார்களாம். அப்பாவைத் துப்பாக்கி வைத்த போலீஸ்காரர் வெளிக்கேட்டிலேயே நிறுத்திவிட்டார். சாயங்காலம் விமானம் கிளம்பி மேலே போனதும் அது மறைகிறவரைக்கும் துண்டை எடுத்து ஆட்டினாராம். பஸ் பிடித்துச் செங்கோட்டை வழியாக மறுநாள் விடிய வந்து, “பய ஏறிட்டான்” என்றார். அம்மா பாயசம் வைத்தாள். நான் ஒரு டம்ளர் கொண்டுபோய் எதிர்வீட்டு அத்தைக்கும் கொடுத்தேன். தாயத்து போய்விட்டது என்ற சந்தோஷத்தில் அவள் என் கன்னத்தைத் தடவினாள்.

அண்ணன் அந்த விமானத்தில் இல்லை. அப்பா துண்டை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவனை உள்ளே ஒரு அறையில் சட்டையைக் கழற்றச் சொல்லி உட்கார வைத்திருந்தார்கள்.

அவன் பின்னால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தையலைப் பிரித்து டின்னுக்குள் கம்பியை விட்டுக் கிளறினார்களாம். கம்பி இடித்தது. அடைத்த குழாய், உள்ளே கறுப்புப் பொடி, பெட்டிக்கு அடியில் வயர், ஆள் எலக்ட்ரீஷியன். இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. இதை யார் கொடுத்தது என்று கேட்டதற்கு அண்ணன் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்: “எல்லாம் என் தங்கச்சி தச்சது சார். அவளுக்குத் தெரியாம ஒரு குண்டூசிகூட உள்ள போகாது.”

அம்மா பாயசம் வைத்த அன்றைக்கு மத்தியானமே மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகாத பிள்ளை, அதை ஸ்டேஷனுக்குக் கூப்பிட வேண்டாம், இங்கேயே கேளுங்கள் என்று கும்பிட்டார். டின்னுக்குள் என்ன வைத்தாய் என்று கேட்டார்கள். “மேல துணி தச்சது மட்டும்தான் நான். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது” என்றேன். தெரியாது என்ற அந்த ஒரு சொல்லால் அண்ணன் சொன்னதெல்லாம் பொய்யாகிப் போனது.

நடந்தது தெருவுக்குத் தெரிந்து, மூன்றாம் நாள் எதிர்வீட்டு அத்தை தானாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். நான்தான் வைத்தேன், தைத்த பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, பொடியோடு சேர்த்தே கொண்டுவந்து கொடுத்தேன் என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். மந்திரவாதியைத் தேடிப் பிடித்தார்கள், பொடியைச் சோதித்தார்கள். ஐந்தாம் நாள் அண்ணனை விட்டார்கள். அதற்குள் தேதி தாண்டிவிட்டது. கம்பெனிக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

வந்தவன் நேரே எதிர்வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னான்: “உங்க மவன் வரணும்னு என் சோத்துல மண்ண போட்டுட்டியளே.” அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அதற்குப் பிறகு சாகிறவரை அவன் முகத்தில் அவள் விழிக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவள் மகன் கடைசிக் காரியத்துக்கும் வரவில்லை.

போலீஸ் விட்டாலும் அண்ணன் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் ஏறிவிட்டது. அண்ணனுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வயரிங் வேலை கிடைத்தது. வருஷா வருஷம் சாரல் விழுந்தால் ஊருக்கே கொண்டாட்டம், எங்கள் வீட்டில் மட்டும் கொண்டாட்டம் கிடையாது. சீசனுக்கு மந்திரிமார் குளிக்க வருவார்கள். முந்தின நாளே லாட்ஜ்களில் சோதனை நடக்கும். பெரிய அருவியில் ஜனங்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் காத்துக்கிடப்பார்கள். மந்திரி குளித்துவிட்டுப் போகிறவரைக்கும் அண்ணனை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். முதல் வருஷம் வந்து கூட்டிப்போனார்கள். அடுத்த வருஷம் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வருஷம் பேப்பரில் செய்தி பார்த்ததும் அவனே துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அவனுக்குப் பார்த்த இரண்டு இடமும் இந்த ஸ்டேஷன் கதையாலேயே தட்டிப்போனது. நான் சொல்லியிருந்தால் மட்டும் போன விமானம் திரும்பி வந்திருக்காதுதான். அப்படிச் சொல்லிச் சொல்லியே என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்றாவது வருஷம் மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோனேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தேன். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் தூக்குச்சட்டியை வாங்கித் திறந்தார். சாம்பார் சாதம். ஒரு கரண்டியை எடுத்து உள்ளே விட்டு அடிவரைக்கும் கிளறினார்.

பெஞ்சில் இருந்த அண்ணன் எழுந்து நின்றான். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, அவருக்கு விளக்கிச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

“சார், அது என் தங்கச்சி கட்டிக் கொண்டாந்தது. அதுல ஒண்ணும் இருக்காது.”

போலீஸ்காரர் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுச் சட்டியை என்னிடம் தந்தார். நான் அண்ணனுக்கு எடுத்து வைத்தேன். கிளறிய சாதத்தை அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். நான் சட்டியைக் கழுவிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.